விழாத ட்ரிப் சுவிட்ச்

ரெஹானா அக்கா இறந்த செய்தியை முதலாளிதான் போனில் சொன்னார். நான் அம்மையார்குப்பத்தில் சித்தப்பா மகள் கல்யாணப் பந்தலில் நின்றிருந்தேன். “ரெஹானா பூட்டா. பொணத்த அரக்கோணத்துக்கு எட்துனு போயிட்டாங்க. நீ நாளைக்கு லீவு கீவுன்னு சொல்லாத, கார்டுங்க நிக்குது” என்றார்.

நம் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் சங்க மலரைப் படிக்கும் நீங்கள் எல்லாரும் அக்காவிடம் திட்டு வாங்கியவர்கள்தான். அதனால் அவர் சாந்தமானவர், புன்னகை மாறாதவர் என்றெல்லாம் எழுதப்போவதில்லை.

ஒருமுறை காயலான் கடையிலிருந்து கரண்டின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஆசிலாஸ்கோப் ஒன்று எங்கள் திருத்தணி கடைக்கு வந்தது. வரைபடம் கிடையாது. உள்ளே இருந்த ஐ.சி. சில்லுகளின் எண்களை, அதைத் தயாரித்த கம்பெனிக்காரர்களே சுரண்டியிருந்தார்கள். நான் சால்டரிங் அயர்னை எடுத்தேன். “டேய், கைய ஒட்ச்சிடுவேன். மொதல்ல கரண்டு எங்கேந்து எங்க போவுதுன்னு வரைடா பரதேசி.” அக்கா போர்டுக்குப் பின்னால் பல்பைப் பிடித்து, செம்புத் தடங்களை ஒவ்வொன்றாகத் தாளில் இறக்கினார். “நம்பர சொரண்டிட்டா என்னா? ஆளு பேர மறைச்சா பண்ற வேல மாறிடுமா?” மழைக்காலம் முழுக்க அதே வேலை. கடைசியில் திரையில் பச்சைக் கோடு எழுந்தது. கைதட்டினேன். “தட்டாத. கோணலா கீது” என்றார்.

லைன் கரண்டிலிருந்து வேலை மேசையைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை அக்கா தன் கையாலேயே சுற்றி வைத்திருந்தார். அந்த ஸ்கோப்பை ஒருவர் வீட்டு ஹாலில் அலங்காரமாக வைக்க வாங்கினார். முதலாளி டிரான்ஸ்ஃபார்மரையும் கூடவே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

“சும்மாதானம்மா கெடந்துச்சு.”

“அது சும்மா கெடந்த வரைக்கும்தான்யா நாங்க உசுரோட கெடந்தோம்.”

வேறொன்று கேட்டோம். வரவில்லை.

எங்களிடம் ரிப்பேருக்கு வரும் விசைத்தறிகளின் கன்ட்ரோல் கார்டுகளில் சிலவற்றின் கிரவுண்டு தனியாக இருக்கும். சிலவற்றில் லைனோடு ஒட்டியிருக்கும். ஒட்டியதைத் தொட்டால் ஷாக்; எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் போனபின் அக்கா ஒரு வழி வைத்திருந்தார். கடையில் மிச்சமிருந்த ஸ்கோப்பின் கிளிப்பைக் கார்டின் கிரவுண்டில் மாட்டி, கையை எடுத்துவிட்டு, கரண்டு போடுவார். ஸ்கோப்பின் இரும்பு உடல் எர்த்தில் இருப்பதால், லைனோடு ஒட்டிய கார்டு என்றால் கடையின் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்டு நின்றுவிடும். விழாவிட்டால் தொடலாம். “உழுந்தா திட்டாத. நம்ம பதுலா அது உழுவுது” என்பார்.

நான் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது நடந்ததை, கார்டுக்காகக் காத்திருந்த தறிக்காரர் சொன்னார். அவர் தறி நின்றுபோயிருந்தது. “சாயங்காலம் அக்கா ரயிலுக்குப் போனப்புறம், நானே பாக்கறேன்னு மொதலாளி உக்காந்தாருங்க. சுவிட்சு டப்பு டப்புனு உழுந்துகினே இருந்துச்சு. கட்டிங் பிளேயர எட்து ஸ்கோப்பு பிளக்குல பெரிய பின்ன வெட்டிட்டாரு. அப்பால உழல. ‘பாத்தியா, சரியாயிடுச்சு’ன்னாரு.” வெட்டிய பிளக்கை ரேக்குக்குப் பின்னாலிருக்கும் சாக்கெட்டில் செருகிவிட்டுப் போனார். எர்த் பின் இல்லாத ஸ்கோப்.

மறுநாள் காலையில் அக்கா கிளிப்பை மாட்டி, கையை எடுத்துவிட்டு, கரண்டு போட்டார். சுவிட்ச் விழவில்லை. நம்பினார். ஒரு கை ஸ்கோப்பில், ஒரு கை இரும்பு ரேக்கில். உடம்பு வழியாகப் போகும் கொஞ்சக் கரண்டுக்கு அந்தச் சுவிட்ச் விழாது. தறிக்காரரின் கண்ணெதிரே அக்காவின் உயிர் போய்விட்டது.

நோன்பு மயக்கம் என்று வீட்டாரிடம் சொல்லப்பட்டது. இரங்கல் கூட்டத்தில் முதலாளி மாலை போட்டுவிட்டு, “கெட்டிக்காரி. அன்னிக்கு கொஞ்சம் கவனக்குறைவு” என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் மேசைகளிலும் பின் வெட்டிய பிளக் இருக்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக ஆட்ட முடிந்தது.

கூட்டம் கலைந்தபின் அக்காவின் மகள் என்னிடம் வந்தாள். “அண்ணா, எங்க அம்மாவுக்கு வேல தெரியலயா?”

தெரியும். ஒழுங்காகச் செய்ததால்தான் செத்தார். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? நாற்காலிமேல் கிடந்த இரங்கல் துண்டறிக்கையைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில் வரைந்து காட்டினேன். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இப்படி வரையத் தெரிந்த கை ஒன்றுதான்.

உங்களுக்கும் இங்கே தருகிறேன். லைன், கார்டு, கிளிப், ஸ்கோப், வலது கை, நெஞ்சு, இடது கை, ரேக், எர்த். ஸ்கோப்பிலிருந்து எர்த்துக்கு நேராக ஒரு கோடு போக வேண்டும். அது வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டியவர் மாலை போட்டவர்.

உங்களுக்கெல்லாம் சர்க்யூட் படிக்கத் தெரியும்.