எனக்கு அடித்த சாவு மேளம்

தனக்கு அடித்த சாவு மேளத்தைத் தன் காதாலேயே கேட்டவன் நான்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில், இலங்கையில் வத்தேகமப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். டாக்டர் தந்த தூக்க மாத்திரையை, ஒன்று போதாமல் இரண்டு, மூன்று என்று விழுங்கினேன். ஒருநாள், விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்களை எழுப்பும் தப்புச் சத்தத்துக்கும் நான் அசையவில்லை. தப்படிக்கும் முத்தன் என்னை உலுக்கிப் பார்த்து, செத்தேனென்றே நினைத்துச் சாவு மேளம் அடித்துவிட்டான். அந்தச் சத்தத்தில் கண் விழித்தால், கட்டிலைச் சுற்றி, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் மாரடித்து அழுகிறார்கள்!

அன்றிலிருந்து டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கடைசியில் மாத்திரையே இல்லாமல் தூங்கியெழுந்து, முத்தனுக்கு முன்பே பெரட்டுக் களத்தில் நின்றேன். அவன் கல்யாண மேளம் அடித்தான்.

“யாருக்குக் கல்யாணம்?” என்று லயமே ஓடிவந்தது.

“நம்ம கணக்கப்புள்ள ஐயா தானா முழிச்சிட்டாரு!” என்றான்.