ஜூலிக்கு வந்த புரட்டாசி

எங்கள் நாய் ஜூலிக்கு வயிறு பெருத்தபோது, அவள் குட்டி போடப்போகிறாள் என்றே வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். சுனாமிக்குப் பிறகு மீன் என்றாலே முகம் சுளித்த எங்கள் சிதம்பரத்து வீடு, மறுபடியும் மீனுக்குத் திரும்பியிருந்த நேரம் அது. கடலோரக் கிள்ளையிலிருந்து மீன்கூடை கொண்டுவரும் அம்மாளிடம் ஜூலிக்கென்று தனியாக மீன் வாங்கினார் அப்பா. நானோ வகுப்பில் பாதிப் பேருக்குக் குட்டி தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

குட்டியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள், கண்ட இடத்தில் மூத்திரம் போனாள், விலாப்பக்கம் முடி கொட்டித் தோல் தெரிந்தது. கடைசியில் ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். நாள் முழுக்க மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடுகிறவர் அவர். வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் மாத்திரை குடுக்குறீங்களா?" என்றார்.

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஜூலி ஓயாமல் சொறிந்துகொண்டே கிடந்ததால், தன் வீசிங் மாத்திரையை அவளுக்கும் மாசக்கணக்கில் கொடுத்து வந்திருக்கிறாள். அரிப்புக்கும் அதே மாத்திரைதான் என்று மெடிக்கல் ஷாப்காரர் சொன்னாராம். சொறி என்னவோ உடனே நின்றுவிட்டது.

"அது ஸ்டீராய்டும்மா. ஜாஸ்தி நாள் குடுத்தா வயிறு தொங்கும், முடி கொட்டும். மனுஷங்களுக்குன்னா மூஞ்சி உப்பும்," என்ற டாக்டர், அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உடம்பு தானா அத சுரக்குறதையே நிறுத்தியிருக்கும். அதனால பட்டுனு நிறுத்திடாதீங்க, உசுருக்கே ஆபத்து. கொஞ்சங்கொஞ்சமாத்தான் குறைக்கணும். நீங்களும்தாம்மா."

குறைத்தோம். மீன் துண்டுக்குள் ஒளித்துவைத்தால்தான் ஜூலி மாத்திரையை விழுங்குவாள். நன்றாகத் தேறித்தான் வந்தாள், வாலையெல்லாம் ஆட்ட ஆரம்பித்திருந்தாள். அப்போது பார்த்துப் புரட்டாசி பிறந்தது.

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டு மீன்சட்டி பரணுக்குப் போய்விடும். முட்டை வாசனைகூட ஆகாது. அம்மா மாத்திரையைத் தயிர்சாதத்தில் வைத்துக் கொடுத்தாள். ஜூலி சாதத்தை வழித்துத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் தட்டிலேயே விட்டுவைத்தாள். வாயைத் திறந்து போட்டாலும் மூலையில் போய்த் துப்பினாள்.

"வுடு, குறைக்கத்தான சொன்னாரு. ஐப்பசில பாத்துக்கலாம்," என்றார் அப்பா. பெருமாளுக்குப் பயந்த மனுஷன், அவரை என்ன சொல்ல!

கொஞ்ச நாளில் ஜூலி வாந்தியெடுத்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினோம். "மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

"நிறுத்தல சார், புரட்டாசி மாசம்..." என்று அப்பா இழுத்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டே ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். பாட்டில் காலியாவதற்குள் ஜூலி போய்விட்டாள். அப்பா தன் துண்டில் சுற்றி எடுத்துவந்து கொல்லையில் புதைத்தார். நான் சோறே வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்தது சனிக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமையில் தளிகை போட்டுப் படைக்கும்வரை அம்மா பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். மாத்திரையெல்லாம் சாயங்காலம்தான், அதுவும் ஞாபகமிருந்தால். அன்றைக்கு அப்பாவே இரண்டு இட்லியும் மாத்திரையுமாக அடுப்பங்கரைக்குப் போனார்.

"மொதல்ல இத முழுங்கு."

"அய்யய்யோ, இன்னும் படைக்கலியே!"

"பெருமாள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ முழுங்கு."

அம்மா விழுங்கும்வரை அவர் நகரவில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் டம்ளரைத் திரும்ப வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஜூலிக்கு ஒரு துண்டு மீனுக்கு மனசு வராதவர், இப்போது பெருமாளையே காக்கவைக்கிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் உருண்டையாக உப்பியிருந்தது. ஜூலிக்காக அழுது வீங்கிய முகம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.