ஏழோடு நின்ற எண்ணிக்கை

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பன்னிரண்டு ஓடுகளை ஒரே குத்தில் உடைத்த கை இது. இதை எழுதுவதற்குள் மூன்று முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

எங்கள் மாஸ்டர் நாற்பது வருடம் கராத்தே சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள்கூட லீவு விட்டதில்லை. முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்ததும் டோஜோவின், அதாவது பயிற்சிக் கூடத்தின், சாவியை என்னிடம் தந்தார்.

"கடைசியில நான் போடுற பத்த மறந்துடாதடா."

எங்களிடம் குத்துப் பயிற்சியில் ஆளுக்கொரு பத்து எண்ண வேண்டும். இச், நீ, சான் என்று ஜப்பான் எண்கள். எல்லாரும் முடித்தபின் மாஸ்டர் மட்டும் இன்னொரு பத்து போடுவார். ஏழு வரை வாயே திறக்கமாட்டார். எட்டு, ஒன்பது, பத்து மட்டும் சத்தமாக வரும். மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

நான் மாஸ்டரான முதல் நாள். காலை 5:40. மொத்தம் ஆறு பேர், ஆறும் பெண் பிள்ளைகள். வரிசையின் கடைசியில் என் மகள், ஒன்பது வயது. பாதியில் கரண்ட் போனது. இருட்டிலேயே எண்ணினோம். அறுபதாவது குத்தை என் மகள் முடித்தாள்.

"யாமே!" என்றேன். நிறுத்து என்று அர்த்தம். மாஸ்டரின் பத்தை நான் போடவில்லை. இனி நான் வைத்ததுதானே சட்டம்!

அப்போது...

"இச்."

வரிசைக்குப் பின்னாலிருந்து. பையன் குரல்.

"யாரு அது?"

"நீ... சான்... ஷி..."

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து. விஷ்க். விஷ்க்.

"கோ... ரோக்..."

என் மகள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸாகக் குளிர்ந்தது.

"ஷிச்."

ஏழு.

பிறகு... தடால்.

5:52. கரண்ட் வந்தது. பின்னால் யாருமே இல்லை.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மகளை வீட்டில் விட்டுவிட்டு, நேராக மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். நான் வாய் திறக்கும் முன்பே கேட்டார்.

"ஏழோட நின்னுச்சா?"

தலையாட்டினேன்.

"மீதி மூணு சொன்னியா?"

"இல்ல மாஸ்டர்."

அவர் முகம் செத்துவிட்டது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பையன், "நெஞ்சு வலிக்குது மாஸ்டர், உக்காரட்டுமா?" என்றானாம். "பத்த முடிச்சிட்டு உக்காரு" என்றாராம் இவர். ஏழில் சரிந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"தினமும் நான்தான்டா முடிச்சு அவன உக்கார வைக்கிறேன். இன்னைக்குக் கடைசியா எண்ணினது யாருடா?"

வீட்டுக்கு ஓடினேன். மணி 7:10. நடு ஹாலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். முஷ்டி மடக்கியபடி.

"உக்காரும்மா."

"முடியலப்பா... நெஞ்சு வலிக்குது. இன்னும் மூணு இருக்கு."

அவளிடம் நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

மீதி மூன்றையும் தொண்டை கிழியக் கத்தினேன். ஹச்! க்யூ! ஜூ!

உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.

ஆறு வருடமாகிறது. நானும் ஒருநாள்கூட லீவு விட்டதில்லை.

போன வாரத்திலிருந்து என் முழங்கால் வலிக்க ஆரம்பித்திருக்கிறது.