உம் இல்லாத இரண்டு நிமிடம்

முதல் தடவை அந்த ஆங்கிலத் தேர்வை எழுதியபோது நான் பேச்சுப் பகுதியில் விழுந்தேன். கேட்பது, வாசிப்பது, எழுதுவது மூன்றிலும் தேவையான மதிப்பெண் வந்துவிட்டது. பேச்சில் மட்டும் ஒன்பதுக்கு ஏழு வேண்டிய இடத்தில் ஐந்தரை. தமிழ்ப் பள்ளி ஆசிரியை, காலையிலிருந்து மத்தியானம் வரை வாய் ஓயாமல் பேசிப் பிழைப்பவள், பேச்சில் தோற்றேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சொன்னபோது அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்காமலே, "நீயா? பேச்சுலயா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் விளையாட்டில்லை. பாடம் மெதுவாக ஏறும் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதில் மேற்படிப்பு படிக்க அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு இடம் கொடுத்திருந்தது. உபகாரச் சம்பளமும் கிடைத்துவிட்டது. பேச்சில் ஏழு வந்தால் இடம் உறுதி, வராவிட்டால் அது வேறு யாருக்கோ போய்விடும். என் வகுப்பின் கடைசி வரிசையில் எப்போதும் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமலே இத்தனை வருடம் சம்பளம் வாங்கிவிட்டேன். அது என்னை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் படிப்பு எனக்கு வேண்டும். தேர்வை இன்னும் ஒரே ஒரு தடவை எழுத மட்டும்தான் அவகாசம் இருந்தது.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. "கவர்மெண்டு வேல, வீட்டுக்குப் பக்கத்துல ஸ்கூலு. இதுக்கு மேல என்ன வேணும் இவளுக்கு?" என்று என்னிடம் கேட்காமல் அப்பாவிடம் கேட்பாள். அப்பா "உம்" என்பார். நான் அதற்கு ஒரு பதில் சொல்வேன். அதற்கும் "உம்" என்பார். "நீங்க உம் கொட்டிக் கொட்டித்தான் இவ இப்படிப் பறக்குறா" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விடுவாள். அம்மா யாருக்கும் உம் கொட்டியதில்லை. எதிராளி வாயை மூடுவதற்குள் அவளிடமிருந்து பதில் வந்துவிடும்.

அப்பாவின் உம், சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பாலுக்காக மரப்பட்டை வெட்டிய காலத்தில் வந்த பழக்கம். விடியாத இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஆளுக்கொரு மர வரிசையில் வேலை செய்வார்களாம். பக்கத்து வரிசையில் நிற்பவரின் முகம் தெரியாது. ஒருவர் ஏதாவது கதை சொல்ல, மற்றவர் உம் கொட்டிக்கொண்டே வெட்டுவார். என்ன கதை என்பது முக்கியமில்லை, உம் வருகிறதா என்பதுதான் முக்கியம். பாம்பு கடித்தாலும் பள்ளத்தில் விழுந்தாலும் முதலில் நிற்பது அதுதான். "உம் வரலன்னா கத்தியக் கீழ வச்சிட்டுப் போய்ப் பாக்கணும்" என்பார் அப்பா. பிறகு தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறியது, நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அவர் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்று ஓய்வும் பெற்றுவிட்டார். பழக்கம் மட்டும் போகவில்லை. வீட்டில் யார் எதைச் சொன்னாலும் வாக்கியத்துக்கு வாக்கியம் ஓர் உம் வந்து விழும். நான் அதைக் கேட்டே பேசப் பழகியவள்.

இப்போது அந்தத் தேர்வறையை நினைத்துப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. ஒரு அட்டையைக் கொடுக்கிறார். அதில் இருக்கும் தலைப்பைப் பற்றி நான் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். நான் ஒரு வாக்கியம் சொன்னேன். அவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று சொன்னேன். முகத்தில் அசைவே இல்லை. தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று முதலில் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அதற்கும் ஒன்றுமில்லை. பேசுங்கள் என்பதுபோல் கையைக் காட்டினார். நான் பேச்சை நிறுத்திவிட்டேன். மீதி நேரம் முழுவதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவ்வளவு அவமானமாக எனக்கு எதுவும் இருந்ததில்லை.

பிறகுதான் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போனேன். அதை நடத்தியவர் என்னைவிட ஓரிரு வயது மூத்த முஸ்லிம் தமிழ்ப் பெண். நான் அக்கா என்று கூப்பிடுவேன். கீழே அவருடைய அண்ணனின் சாப்பாட்டுக்கடை, மேலே வகுப்பு. ரொட்டி தட்டும் சத்தத்துக்கு நடுவில் படிப்போம். அக்கா முதல் நாளே என்னைப் பேசவிட்டு, தன் போனில் படம் பிடித்து எனக்கே போட்டுக் காட்டினார்.

"பாரு, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாக்குற. என்னத்தத் தேடுற நீ?"

எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் வகுப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. "அக்கா நல்லாச் சொல்லித்தர்றாங்கப்பா." உம். "ஆனா ரொம்ப ஸ்ட்ரிக்ட்." உம். நான் பாதியில் நிறுத்தி அவரையே பார்த்தேன். "என்னம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

மறுநாள் அக்காவிடம் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் காரியத்தில் இறங்கினார். மற்ற மூன்று பகுதிகளும் ஏற்கெனவே வந்துவிட்டதால், அவை துருப்பிடிக்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாள் போட்டுப் பார்த்தால் போதும். மற்ற நாளெல்லாம் பேச்சுதான். எந்தத் தலைப்பு வந்தாலும் வளைத்துக்கொள்கிற மாதிரி மூன்று கதைகளைத் தயார் செய்யச் சொன்னார். புதிதாக எதையும் யோசிக்கக் கூடாது, தெரிந்த கதையை வந்த தலைப்புக்குள் கொண்டுபோய் விட வேண்டும். நான் எடுத்துக்கொண்டவை: கார் சிம்பாங் பூலாயில் நின்றுபோய் கேமரன் மலைக்குப் போகாமல் திரும்பிய கதை, பள்ளியில் ஒரு பிள்ளை முதன்முதலாகத் தன் பெயரை எழுதிய கதை, லூமுட்டில் படகைத் தவறவிட்ட கதை.

"கடைசியா ஒண்ணு," என்றார் அக்கா. "உம் கொட்டாத ஆள் முன்னாடி உக்காந்து தெனமும் பேசு. அவங்க கொட்டாவி விடட்டும், தூங்கட்டும், என்ன நடந்தாலும் நீ நிறுத்தாத. மணி அடிக்கிறவரைக்கும் போய்க்கிட்டே இரு லா."

வீட்டில் அதற்குக் கிடைத்தவர் அப்பா மட்டும்தான். அம்மாவைக் கூப்பிட முடியாது, நடுவில் பதில் சொல்லிவிடுவாள். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, அதிகாரிபோல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதல் வாக்கியத்தை முடித்ததும் "உம்" என்றார்.

"அப்பா!"

"சரி சரி, இனிமே சொல்லமாட்டேன்."

அடுத்த வாக்கியத்துக்கும் சொன்னார். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். அப்போது தொண்டைக்குள்ளிருந்து வந்தது. கையால் வாயைப் பொத்தினால் தலை ஆடியது. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தமிழ்ப் பத்திரிகையை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முகம் தெரியாவிட்டால் தலையாட்டுவதாவது தெரியாது. பத்திரிகைக்குப் பின்னாலிருந்து மட்டும் விட்டுவிட்டு உம் வந்துகொண்டிருந்தது. நாளாக நாளாக அது குறைந்தது. "எனக்கும் பரீட்ச மாதிரிதான் இருக்கு" என்றார் ஒரு நாள்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருந்தன. மழை பிடித்திருந்த ஒரு சாயங்காலம். அம்மா பின்பக்கம் துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போனில் இரண்டு நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு லூமுட் கதையை ஆரம்பித்தேன். முதல் வாக்கியம் முடிந்தது. உம் வரவில்லை. இரண்டாவது, மூன்றாவது. பத்திரிகைக்குப் பின்னால் சத்தமே இல்லை. அப்பா ஜெயித்துவிட்டார் என்று எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நடுவில் பத்திரிகையின் ஒரு பக்கம் மெல்லச் சரிந்து அவர் மடியில் படிந்தது. தூங்கிவிட்டார்போல என்று நினைத்தேன். தூங்கினாலும் நிறுத்தாதே என்றுதானே அக்கா சொல்லியிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினேன். ஒரு தடங்கல்கூட இல்லாமல் மணி அடிக்கும்வரை பேசினேன். அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

"பாத்தீங்களாப்பா! ஒரு உம் கூட வரல" என்று எழுந்து போய்ப் பத்திரிகையை விலக்கினேன். அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்த கண்ணில் பயம் இருந்தது.

ஸ்ட்ரோக் என்றார்கள் மருத்துவமனையில். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. நான் டாக்டரிடம் அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவு குறைந்த நேரத்தால் எதுவும் மாறியிருக்காது, உடனே கொண்டுவந்ததால்தான் இந்த அளவோடு நின்றது என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனாலும் உம் நின்றால் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த மனிதருக்கு முன்னால் உட்கார்ந்து, உம் நின்றதற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

தேர்வைத் தள்ளிவைக்க முடியாது. தள்ளினால் இடம் போய்விடும். வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா சோற்றுப் பொட்டலத்தோடு வார்டுக்கு வந்தார். தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. அவள் பதில் சொல்லாமல் இருந்ததை நான் அப்போதுதான் பார்க்கிறேன். சிம்பாங் பூலாயிலிருந்து என் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கே வந்து தங்கினார்கள். "நீ போய் எழுதிட்டு வா. அப்புறம் போறதா வேணாமான்னு பாக்கலாம்" என்றான் அண்ணன். போனேன்.

இந்தத் தடவை மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆண். திட்டப்படி நடக்காத ஒரு பயணத்தைப் பற்றிப் பேசச் சொன்னது அட்டை. லூமுட் கதைதான். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது குடும்பத்தோடு பங்கோர் தீவுக்குப் புறப்பட்டோம். லூமுட் படகுத்துறையில், தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போன அப்பாவிடம் ஒரு மீனவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்பா உம் கொட்டிக்கொண்டு நின்றார். மீனவருக்கோ கதை முடிவதாக இல்லை. படகு போய்விட்டது. அம்மா அன்று பேசிய பேச்சை அந்தத் துறை மறந்திருக்காது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நகர்ந்து போகத் தெரியாத மனிதர் என் அப்பா என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எதிரில் இருந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அவரிடம் எதையும் தேடவில்லை. அவர் போதும் என்று கை காட்டும்வரை பேசினேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன்.

முடிவு வந்த அன்று அப்பா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். கூடத்தில் கட்டில் போட்டிருந்தோம். அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து அவருடைய வலது காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, பேச்சுல ஏழரை வந்துருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. சத்தம் வரவில்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் உம் இல்லாமல் பேசியவளுக்கு, சொந்த அப்பாவிடம் தமிழில் இரண்டாவது வாக்கியம் வரவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன்.

"உம்" என்று கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அவள் கை காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

நான் அப்பாவைப் பார்த்தே சொன்னேன். "செப்டம்பர்ல கெளம்பணும்ப்பா."

அம்மாவின் கை கணுக்காலில் நின்றது. பிறகு உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.

"உம்," என்றாள். "மேல சொல்லு."