ஒரு நிமிடத்தில் பன்னிரண்டு காய்

பெங்களூரு தொம்மலூரில் தினமும் காலையில் காய்கறி வண்டிக்கார ரத்னம்மாவிடம் நான் காயின் பெயரைக் கன்னடத்தில் சொல்கிறேன். கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்துக்காரியான அவள் அதை எடைபோட்டுவிட்டு விலையைத் தமிழில் சொல்கிறாள். இந்தப் பழக்கம் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன; இப்போது இருவருக்கும் இது விசித்திரமாகத் தோன்றுவதில்லை. நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன், எண்ணாமல் இருக்க முடியாது. வீட்டிலிருந்து அவள் வண்டிக்கு இருநூற்றுப் பதினான்கு காலடி. பக்கவாதம் லேசாகத் தட்டிவிட்டுப் போனபின் இருநூற்று அறுபது.

கை தேறிவிட்டது. வார்த்தைகள்தான் தயங்குகின்றன. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சி. ஜெர்மனியிலிருந்து மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "இந்தத் தடவை ரிப்போர்ட் சரியில்லன்னா கோயம்புத்தூர்ல அந்த முதியோர் ஹோம்தாம்பா. தனியா விட முடியாது." திண்டுக்கல்லிலிருந்து வந்து என் மனைவி கமலா கடைசி இரண்டு ஆண்டுகள் இருந்த வீடு இது. இதை விட்டுப் போக எனக்கு மனமில்லை. பரிசோதனை தாய்மொழியில்தான். தமிழில் தோற்றால் தமிழ்நாட்டுக்கு அனுப்புவார்கள். இப்படி ஒரு தண்டனை எனக்கு மட்டும்தான் வாய்த்திருக்கும்.

பயிற்சி தருகிற பெண், தமிழர்கள் நிறைந்த பக்கத்து ஜோகுபாளையத்துக்காரி. "டென்ஷன் ஆகாதீங்க அங்கிள். ஒரு நிமிஷம். தெரிஞ்ச காய் பேரெல்லாம் சொல்லுங்க. பன்னெண்டு காயாவது வரணும்."

வெண்டைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய், உருளைக்கிழங்கு. நான்கு. பிறகு சொன்னேன்: "பொரியல். கூட்டு."

"அது சாப்பாடு அங்கிள். காய் சொல்லுங்க."

திண்டுக்கல்லில் நாற்பது ஆண்டுக் குடித்தனத்தில் நான் ஒரு காயைக்கூடப் பேர் சொல்லி வாங்கியதில்லை. வாங்கியவள் கமலா, நறுக்கியவள் கமலா. எனக்கு அது தட்டில் பொரியலாகத்தான் அறிமுகம். புத்தகத்தில் பார்த்தால் எல்லாப் பெயரும் தெரியும். ஆனால் அவசரத்தில் வாய், தான் நடந்த பாதையில்தான் போகிறது. இருபது விநாடிதான் மிச்சம். கண்ணை மூடி மனதில் ரத்னம்மாவின் வண்டிமுன் நின்றேன். ஈருள்ளி, ஹீரேகாயி, சௌதேகாயி, நுக்கேகாயி, கும்பளகாயி என இப்படிக் கன்னடத்தில் ஒன்பது வந்து விழுந்தன.

"கூட்டினால் பதின்மூன்று," என்றேன்.

"ஃபார்ம்ல மதர் டங் மட்டும்னு இருக்கே அங்கிள்." பேனாவைக் கடித்தாள். "கன்னடம் எப்ப கத்துக்கிட்டீங்க?"

"மனைவி போன பிறகு. அதற்குமுன் நான் கடைக்குப் போனதில்லை."

"அப்ப எழுபதுக்கு மேல கத்துக்கிட்டது. ஸ்ட்ரோக்குக்கு அப்புறமும் அதுல ஒண்ணும் போகல." என் எதிரிலேயே மகனுக்கு வீடியோ அழைப்புப் போட்டாள். "சார், டெஸ்ட் மார்க் கம்மிதான். ஆனா இவர் தானே கடைக்குப் போறாரு, புதுசா கத்துக்கறாரு. தனியா இருக்கலாம்னு எழுதறேன்."

மகன் "அப்பா, கன்னடமா? நீங்களா?" என்று சிரித்தான். பிறகு, "சரி, அங்கேயே இருங்க," என்றான்.

ஜெயித்துவிட்டேன். ஆட்டோவில் வரும்போதுதான் கணக்கு உறைத்தது. கமலா இல்லாத நான்கு ஆண்டு ஒன்பது சொற்களைக் கொடுத்திருக்கிறது. அவளோடு இருந்த நாற்பத்திரண்டு ஆண்டு, நான்கு.

வீட்டுக்கு வந்து ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் கன்னடப் பெயர்களை எழுதி வாய்விட்டுப் படித்தேன், கேட்டது என் குரல்தான். வலப்பக்கம், ஹீரேகாயிக்கு நேராக, பீர்க்கங்காய் என்று தமிழில் எழுதினேன். வாய் திறக்கவில்லை. ஆனாலும் கேட்டது, அடுக்களைப் பக்கமிருந்து, கமலாவின் குரலில்: "ஏங்க, இன்னைக்குப் பீர்க்கங்காய்த் துவையல் மட்டும் போதுமா?"

"போதும்," என்றேன். அன்று அந்த வீட்டில் உரக்கப் பேசப்பட்ட தமிழ்ச் சொல் அந்த ஒன்றுதான்.