கை தெரிகிற இருக்கை

அந்தக் கார்த்திகை மாதம் முழுவதும் என் பஸ்ஸுக்குள் ஒரு தட்டல் சத்தம் இருந்தது. முதல் நாள் ஏதோ ஆணி கழன்றுவிட்டது என்று நினைத்து, கஸல் நகரத்துக்குப் போகும் வழியில் ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினேன். பின் சில்லுகள், சாமான் அறையின் கதவுகள், கண்ணாடியை உடைக்கும் சுத்தியலின் கொளுவி, எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இறுக்கமாகவே இருந்தன. திரும்ப ஏறி இருக்கைகளுக்கு நடுவே நடந்தபோதுதான் தெரிந்தது, அது விரல்களின் சத்தம். தொடையில், முன்னிருக்கையின் முதுகில், தண்ணீர்ப் போத்தலில் என்று கை பட்ட இடமெல்லாம் தட்டிக்கொண்டிருந்தார்கள். நித்திரையில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

எனக்கு ஜெர்மனியின் ஹம் நகரத்தில் ஒரு பஸ் கொம்பனியில் சாரதி வேலை. வழக்கமாக ஓய்வூதியக்காரர்களைக் கிறிஸ்மஸ் சந்தைகளுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவேன். அந்த முறை கிடைத்தது யப்பானிலிருந்து வந்த முரசுக் குழு ஒன்று. தைக்கோ என்பது அந்த முரசுகளின் பெயர். முரசுகள் லொறியில் முன்னே போய்விடும். அடிக்கிறவர்கள் என்னோடு வருவார்கள்.

சும்மா இருக்கத் தெரியாத மனிதர்கள். சட்டப்படி நான் குறித்த நேரம் ஓட்டியதும் நிறுத்தி இளைப்பாறியே ஆகவேண்டும். நான் நிறுத்தியதும் அவர்கள் இறங்கி வாகனத் தரிப்பிடத்தைச் சுற்றி ஓடுவார்கள். மழை பெய்தாலும் ஓட்டம்தான். லொறிச் சாரதிகள் சொசேஜைக் கையில் பிடித்தபடி கடிக்க மறந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும், கைதட்டு வாங்கின அதே ஆட்கள், வேர்வை காயமுதல் தங்கள் முரசைத் தாங்களே தூக்கிப்போய் லொறியில் ஏற்றுவார்கள். மேடையைக் கூட்டிவிட்டு வரிசையாக நின்று மண்டபத்துக்குக் குனிந்து நன்றி சொல்வார்கள். விடுதிக்குப் போய்ச் சேர்ந்ததும் பஸ்ஸுக்கும் ஒரு நன்றி. அந்த நேரம் நான் எங்கே நிற்பது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பஸ்ஸுக்கு முன்னால் நின்றால் எனக்கான வணக்கம்போல இருக்கும். விலகி நின்றால் மரியாதையில்லை. கண்ணாடி துடைக்கிறமாதிரிப் பாவனை பண்ணிக்கொண்டு நிற்பேன்.

அவர்களோடு திரிந்ததில் எனக்கும் இருப்புக்கொள்ளாத வருத்தம் தொற்றியது. நடுவில் ஒரு ஓய்வு நாள் கிடைத்து வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னப்பா, மேசையை ஏன் போட்டு அடிக்கிறியள்?"

"நான் அடிக்கேல்லையே."

"அப்ப இது ஆரின்ரை கை? பக்கத்து வீட்டுக்காரன்ரையோ?"

பார்த்தால் என் இடதுகைதான். பேச்சை மாற்றுவதற்காக, அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று காட்ட, மேடையோரம் நின்று போனில் பிடித்திருந்த காட்சி ஒன்றைப் போட்டேன். பெரிய முரசின் முதல் அடி விழுந்ததும் அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்குச் சட்டி ஒன்றும் அங்கே இருக்கவில்லை. தண்ணீர் சும்மா ஓடியது. நான் போனை நிறுத்தினேன்.

அதைப் போட்டிருக்கக்கூடாது. யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து இராணுவத்தின் செல் குண்டுகள் வந்துகொண்டிருந்த காலத்தில் அவள் பள்ளிக்கூடம் போன பிள்ளை. ஜெர்மனியில் வருடத்தின் கடைசி நாள், சில்வெஸ்டர் என்று ஊரே வெடி கொளுத்தும்போது, அவள் எங்கள் கட்டடத்தின் நிலவறைக்குப் போய்விடுவாள். உடுப்புத் தோய்க்கும் மெஷினைச் சுழலவிட்டு அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பாள். வருடத்தின் கடைசி நாளிலும் உடுப்புத் தோய்க்கிற பெண் என்று அயலவர்கள் பகிடி பண்ணுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

குழாயைப் பூட்டிவிட்டுத் திரும்பாமலே கேட்டாள். "டுசல்டோர்ஃபிலை எப்ப அடிக்கினம்?"

"வாற சனி."

"நான் வாறன்."

"நீர் என்னத்துக்கு? உமக்கு ஏலாது."

"ஏலுமோ ஏலாதோ எண்டு பாக்கத்தான் வாறன். இன்னும் எத்தினை வருசத்துக்கு அந்த மெஷினோடை குந்திக்கொண்டிருக்கிறது? இதைக் கடைசிமட்டும் இருந்து கேட்டனெண்டால், இந்த முறை சில்வெஸ்டருக்கு நான் கீழை போகமாட்டன்."

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமை ஷிஃப்டை வேறொருவரோடு மாற்றிக்கொண்டு, அன்றே எனக்குச் செய்தியும் அனுப்பிவிட்டாள். அதன்பிறகு எனக்கு நித்திரையும் இல்லை, இருப்பும் இல்லை.

குழுவின் பயணங்களைக் கவனிப்பவர் டுசல்டோர்ஃபில் நெடுங்காலமாக வாழும் யப்பானியப் பெண். நாங்கள் பேசிக்கொள்வது ஜெர்மன் மொழியில். இருவரும் வளர்ந்தபிறகு படித்த மொழி என்பதால் ஒரேமாதிரிப் பிழைகள் விடுவோம், ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொள்வோம். மனைவி வருவதைச் சொன்னேன். அடுத்த ஓய்விடத்தில் அவர் உறை ஒன்றை இரண்டு கைகளாலும் நீட்டினார். இரண்டு அனுமதிச் சீட்டுகள், முதல் வரிசை, நட்டநடு.

"எங்களோடு வேலை செய்கிறவரின் வீட்டார் வந்தால் அங்கேதான் இருத்துவோம். அது எங்கள் வழக்கம். நீங்களும் பக்கத்தில் இருங்கள்."

அவருக்குப் பின்னால் பெரிய முரசை அடிப்பவர் நின்று தலையசைத்தார். என் வயதுதான் இருக்கும். என்னோடு பேச மொழியில்லாததால், ஒவ்வொரு இடைவேளையிலும் ஒரு சோற்று உருண்டையைக் கொண்டுவந்து கையில் வைப்பார். முதல் வரிசை நடு என்றால் அவருடைய முரசுக்கு நேர் எதிரே. ஒரு ஆள் உயரத்தைவிடப் பெரிய முரசு.

அன்று மாலை டுசல்டோர்ஃப் மண்டபத்தின் இருக்கை வரைபடத்தைப் பார்த்தேன். கடைசி வரிசை, இடதுபக்க ஓரம், கதவோடு ஒட்டிய இருக்கை. ஏலாது என்றால் இரண்டே அடியில் வெளியே வந்துவிடலாம். நான் கதவுக்கு வெளியே நிற்கலாம். காலையில் அந்த யப்பானியப் பெண்ணிடம் போய், மனைவிக்கு வேலையிடத்திலிருந்து அவசர அழைப்பு வரக்கூடும், கதவுப் பக்கம் இருந்தால் நல்லது என்று சொன்னேன். பொய்தான். உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் என்ன முகத்தோடு அடிப்பார் என்று யோசித்தேன். அந்தப் பெண் ஒன்றும் கேளாமல் சீட்டை மாற்றித் தந்தார்.

மத்தியானம் வழக்கம்போல உருண்டை வந்தது. தந்தவர் உடனே போகாமல் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவர் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். "உங்கள் மனைவிக்கு எங்கள் சத்தம் பிடிக்காதா என்று கேட்கிறார்."

இல்லை, இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

சனிக்கிழமை மனைவி புகையிரதத்தில் வந்து இறங்கினாள். கல்யாண வீட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். நான் மருந்துக்கடையில் வாங்கி வைத்திருந்த காதடைப்பானை நீட்டினேன்.

"இதை அடைச்சுக்கொண்டு இருக்கிறதெண்டால் வீட்டிலையே இருந்திருப்பனே. உங்கடை சட்டைப்பைக்கையே வையுங்கோ."

அவளைக் கடைசி வரிசையில் இருத்தினேன். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்டினேன். தள்ளவேண்டும், இழுக்கக்கூடாது.

"விளங்குதப்பா. கதவு திறக்கத் தெரியும் எனக்கு."

நான் முன்மண்டபத்தில் நின்றேன். நிற்கவில்லை, கோட்டு மாட்டும் இடத்திலிருந்து படிக்கட்டுவரை நடந்துகொண்டிருந்தேன். முதலில் சின்ன முரசுகள், சோளம் பொரிகிறமாதிரி. பிறகு நடுத்தர முரசுகள். அதன்பின் கனமான அடி ஒன்று சுவருக்குள்ளால் வந்து தரையில் இறங்கியது. அடுத்தது வருமுன் கதவு திறந்தது. நான் காட்டியதற்கு மாறாக, உள்ளே இழுத்து.

மனைவி வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. கோட்டின் ஒரு பொத்தானை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வாரும், வீட்டை போவம். உம்மை ஸ்டேசனிலை ஏத்தி விடுறன்," என்றேன். "வந்ததே பெரிய காரியம்."

"கொஞ்சம் பொறுங்கோ." நீளக் கதிரையில் உட்கார்ந்தாள். உள்ளே அடி விழும்போதெல்லாம் அவளுடைய தோள் தூக்கிப்போட்டது. "சத்தம் இல்லையப்பா பிரச்சினை. செல் எண்டால், அங்கை அடிக்கேக்கை முதல் தூரத்திலை குத்துற சத்தம் கேக்கும். கேட்டால், விழமுதல் பங்கருக்கை ஓட ஒரு நேரம் இருக்கு. இதிலை அது இல்லை. சும்மா வந்து விழுது."

"அடிக்கிற ஆளைப் பாக்க வேண்டியதுதானே."

"எங்கை பாக்கிறது? முன்னுக்கு ஒரு நெடுவல். அவன்ரை பிடரியைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அவனும் தலையைத் தலையை ஆட்டுறான்."

என்னுடைய கதவோர இருக்கை. வரைபடத்தில் நெடுவல்களைப் போடுவதில்லை.

இடைவேளைக்கு ஆட்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்குள் எங்களைத் தேடிக்கொண்டு அந்த யப்பானியப் பெண்ணும் வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து, "வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டதா?" என்று கேட்டார்.

மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜெர்மனில் நேராகவே சொன்னாள். சின்ன வயதில் போர், இந்தச் சத்தம் அதைக் கொண்டுவருகிறது, எப்போது விழும் என்று தெரியாததுதான் ஏலாமல் இருக்கிறது. முழுவதையும் சொல்ல அரை நிமிடம்தான் எடுத்தது. நான் ஒரு கிழமையாகச் சுற்றி வளைத்த விஷயம்.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் யோசித்தார். "பெரிய முரசு இரண்டாம் பாதியில் தனியாக வரும். அடிப்பவர் உங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். கையை முழுக்க மேலே தூக்கித்தான் அடிப்பார். முன்னால் இருந்தால் கை போவது முதலில் தெரியும். அந்த இரண்டு இடமும் இப்போதும் வெறுமையாகத்தான் இருக்கின்றன. உங்களுக்கென்று வைத்ததை வேறு யாருக்கும் கொடுக்கமாட்டோம்."

"வேண்டாம்," என்றேன் நான். "அவவுக்கு நல்லாக் களைச்சுப் போச்சு."

"நீங்கள் சும்மா இருங்கோப்பா," என்றாள் மனைவி தமிழில். எழுந்து கோட்டைச் சரிப்படுத்தினாள்.

அத்தனை ஊர்களிலும் நான் ஒரு நிகழ்ச்சியைக்கூட இருந்து பார்த்ததில்லை. அன்று முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தேன். வெளிச்சம் அடங்கியது. அந்த மனிதர் ஏறி வந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக் கால்களை அகட்டி நின்றார். வலது கை மேலே போனது. உச்சியில் ஒரு கணம் நின்றது. மனைவி மூச்சை உள்ளே இழுத்தாள். கை இறங்கியது. அடி விழுந்தபோது என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. அவள் அசையவில்லை. இடது கை போனது. அவளுடைய மூச்சும் போனது. அவர் கை தூக்கத் தூக்க இவள் மூச்சிழுத்துக்கொண்டிருந்தாள், படி ஏறுகிற ஆளைப்போல.

சிறிது நேரத்தில் என் முழங்காலில் அவள் கை விழுந்து அழுத்தியது.

"காலை ஆட்டாதேங்கோ," என்று காதுக்குள் சொன்னாள். "என்ரை கதிரையும் ஆடுது."

கடைசிப் பகுதியில் அடி வேகமெடுத்தது. கைகளைக் கண்ணால் தொடரமுடியவில்லை. அவள் என் கோட்டுக் கையைப் பிடித்தாள். பிடி இறுகி, அதிலிருந்த பொத்தான் கழன்று கீழே உருண்டது. நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை. கண்ணை மூடினாள், திறந்தாள், அந்த முதுகையே பார்த்தாள். சத்தம் நின்றதும் மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அவள் மட்டும் எழும்பவில்லை. "பொறுங்கோ, வாறன்."

லொறிக்குப் பக்கத்தில் அந்த மனிதர் எங்களைக் கண்டு வந்து குனிந்தார். மனைவியும் குனிந்தாள். பிறகு, அந்தப் பெண் மொழிபெயர்க்க ஆயத்தமாக நிற்க, அவள் ஜெர்மனில் சொன்னாள்: "உங்கள் வலது தோள் இடதைவிட உயர்ந்து நிற்கிறது. முக்கால் மணி நேரமாக அதைத்தான் பார்த்தேன். ஊருக்குப் போனதும் வைத்தியரிடம் காட்டுங்கள்."

அந்தப் பெண் திகைத்துப்போய் மொழிபெயர்த்தார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தோளைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். அவருடைய மனைவியும் இதையேதான் சொல்கிறாராம். அங்கே ஒருவரும் சும்மா நிற்கக்கூடாது என்பது மனைவிக்கு யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கவேண்டும். கோல்கள் வைத்த நீளப் பையைத் தூக்கி லொறிக்குள் கொடுத்துவிட்டுத்தான் புகையிரதத்துக்கு வந்தாள்.

அடுத்த நாள் டிரெஸ்டனுக்கு ஓட்டினேன். பின்னால் விரல்கள் தட்டிக்கொண்டே வந்தன. ஓய்விடத்தில் எனக்கு இரண்டு சோற்று உருண்டைகள் கிடைத்தன.

சில்வெஸ்டர் அன்று பின்னேரமே எங்கள் தெருவில் வெடி தொடங்கிவிட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாமல் வெடித்தன. முதலாவதுக்கு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். மூன்றாவதுக்கு உடுப்புக் கூடையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

இருட்டத் தொடங்கியதும் வாணம் விட்டார்கள். படியில் காலடி கேட்டது. கூடை நிறைய ஈர உடுப்போடு வந்தவள் அதை நடு வீட்டில் வைத்துவிட்டு ஜன்னலடிக்கு வந்தாள். என் கை ஜன்னல் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் தன் ஈரக்கையை வைத்து நிறுத்தினாள். எதிர்க்கட்டடத்துக்குப் பின்னாலிருந்து மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று கிளம்பியது.

"அந்தா, ஏறுது," என்றாள், அது வெடிக்குமுன்னமே.