ராயபுரத்துச் சுவரில் ஒரு ரங்கூன் முகம்

ராயபுரத்துக்கு வந்த முதல் வாரம், குழாயடியில் ஒரு பெண் என்னைப் பார்த்து "இன்னாமே" என்றாள். என் இடுப்பில் இருந்த குடம் நழுவப் பார்த்தது. ரங்கூனில் இன்னும் இருப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பர்மிய மொழியில் 'அமே' என்றால் அம்மா. என்னைவிட பத்து வயதாவது மூத்தவள், நெடுநெடுவென்று வளர்ந்தவள், என்னை எதற்காக அம்மா என்கிறாள்? தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

"இன்னாமே, கேட்டுகினே கீறேன், கம்முனு நிக்கிற? புடிக்கிறதுன்னா புடி, இல்லாங்காட்டி நவுரு."

நான் பிறந்ததிலிருந்து வீட்டில் பேசிய மொழி தமிழ்தான். ஆனால் அவள் சொன்னதில் பாதி புரிய அப்பாவிடம் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் புரியவில்லை. "தெலுங்கா இருக்கும்மா" என்றார். அந்தப் பெண்தான் பாக்கியம். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். அவள் கணவர் அந்தோணி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டினார். இளவயதில் குத்துச்சண்டை போட்டவர் என்பதால் தெருவில் அவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பாக்கியம் புரசைவாக்கத்தில் ஏதோ ஒரு பங்களாவில் குழந்தை பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். காலையில் கஞ்சி போட்ட சேலையோடு கிளம்புவாள். மாலையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்புவாள். குழந்தை பார்க்கிறவளுக்குக் கழுத்து எதற்கு வலிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ரங்கூனில் எங்களைக் 'கலா' என்பார்கள். கடல் தாண்டி வந்த கறுத்த ஆள் என்று பொருள். அப்பா பிறந்ததும் அங்கேதான், நான் பிறந்ததும் அங்கேதான், இருந்தும் கலா. அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகு அப்பாவின் ஜவுளிக்கடை வாசலில் யாரோ ஒரு சிப்பாய் உட்கார்ந்திருந்தான். கப்பல் ஏறினோம். இங்கே இறங்கியதும் 'பர்மாக்காரங்க' ஆகிவிட்டோம். அந்த ஊரில் இந்த ஊர்க்காரர்கள், இந்த ஊரில் அந்த ஊர்க்காரர்கள். ஒரு வேடிக்கை, 'கலா' என்பது இங்கே பெண்களுக்கு ஆசையாக வைக்கிற பெயர். பக்கத்துத் தெருவில் ஒரு கலா இருந்தாள். அவள் அம்மா மாடியிலிருந்து அவளைக் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு முதுகு விறைத்துக்கொள்ளும்.

நான் ஓவியக் கல்லூரியில் சேர்ந்ததற்குக் காரணம் கலை ஆர்வம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. நான் படித்ததெல்லாம் பர்மிய மொழியில். எல்லாக் கல்லூரிகளிலும் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த வட்ட வட்ட எழுத்துக்களைக் கண்டு சிரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். ஓவியக் கல்லூரியில் மட்டும் ஒரு மண்பானையையும் ஒரு செம்பருத்தியையும் முன்னால் வைத்து, வரை என்றார்கள். பானைக்கு மொழி கிடையாது. வரைந்தேன், சேர்த்துக்கொண்டார்கள். அப்பா திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் வாயிற்காவலராக நின்றுகொண்டிருந்தார். உதவித்தொகை இருக்கும்வரை படி, நின்றுபோனால் தையல் வேலைக்குப் போய்விடு என்று சொல்லி அனுப்பினார்.

கலை வரலாறு வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. இருட்டறையில் சிலைகளின் படங்கள் திரையில் வந்து வந்து போகும். பாதி நான் கண்ணால்தான் படித்தேன். ஒருநாள் எங்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார்கள். கல்லில் ஒரு புத்தர், மூக்கு உடைந்து, கை இல்லாமல் நின்றார். ஆசிரியர் ஆடை மடிப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் கால்கள் தாமாகச் செருப்பைக் கழற்றிவிட்டன. முழங்காலிட்டு, கைகளை நெற்றிக்கு உயர்த்திவிட்டேன். பின்னாலிருந்து சிரிப்பு வந்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. "உன் ஊரில் இவர் எப்படி இருப்பார்?" என்று கேட்டார். "தங்க முலாம் பூசியிருக்கும் சார். உதட்டுக்குச் சிவப்புச் சாயம் தீட்டியிருப்பார்கள். முகத்தைக் காலையில் கழுவி விடுவார்கள்" என்றேன். "முகத்தைக் கழுவுவார்களா?" என்று வியந்துவிட்டு அடுத்த சிலைக்கு நகர்ந்தார். எனக்கு அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் தெருமுனையில் பூவும் தண்ணீரும் வாங்கிக்கொண்டிருந்தவரை இங்கே நூற்றாண்டு எழுதி ஒட்டி நிறுத்தியிருக்கிறார்களே என்று இருந்தது. வீட்டில் இருப்பது முருகன் படம்தான். ஆனாலும் அந்த உடைந்த மூக்கு இரண்டு நாள் கனவில் வந்தது.

இரண்டாம் ஆண்டில் முகம் வரையும் வகுப்பு தொடங்கியது. முதல் நாள் உள்ளே நுழைகிறேன், மேடைமேல் நாற்காலியில் கஞ்சி போட்ட சேலையோடு பாக்கியம் உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. அசையாமல் இருப்பதுதான் அவள் வேலை. இடைவேளை மணி அடித்ததும் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"தோ பாரு, எங்க வூட்டுக்காரர் காதுக்கு இது போவக் கூடாது. பங்களா வேலைன்னு சொல்லி வச்சிக்கிறேன்."

"இதிலே என்னக்கா தப்பு? சும்மா உட்கார்ந்துதானே இருக்கீங்க?"

"சும்மாதான் குந்திகினு கீறேன். ஆனா முப்பது ஆம்பளப் பசங்க மூஞ்சியவே பாத்துகினு இருந்தாங்கன்னா கோயில்ல இன்னா பேசுவாங்க? நீ புது ஊரு, உனுக்குத் தெரியாது."

அன்றிலிருந்து ஒரே பஸ்ஸில் போனோம். அவள் முன்னால், நான் பின்னால். தெருவில் இறங்கிய பிறகுதான் பேசிக்கொள்வோம். பகலெல்லாம் நான் அவள் நெற்றியை, தாடையை, காதை அளந்துகொண்டிருப்பேன். மாலையில் அதே பெண் சுவருக்கு அப்பாலிருந்து, "பர்மாப் பொண்ணே, கொஞ்சம் உப்பு குடு" என்பாள்.

ஓவிய ஆசிரியருக்கு என் வேலையில் ஒரு குறை இருந்தது. "கோடு நன்றாக இருக்கிறது. ஆனால் நீ எதிரில் இருப்பவரைப் பார்ப்பதே இல்லை. ஞாபகத்திலிருந்து வரைகிறாய்" என்பார். எனக்கு அது புரியவில்லை. கண் வலிக்க வலிக்கப் பார்க்கிறேனே என்று கோபம்தான் வந்தது. ஆனால் பாக்கியத்தை வரைந்த கரித்துண்டுப் படம் ஒன்றை அவரே ஆண்டுக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார். "இது யாரென்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் இவள் உயிரோடு இருக்கிறாள்" என்றார். கண்காட்சியில் இடம் கிடைத்தவர்களுக்கு உதவித்தொகை தொடரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்குச் சந்தோஷம் அரை மணி நேரம்தான் இருந்தது. ஊரே வந்து பார்க்கிற மண்டபத்தில் பாக்கியத்தின் முகத்தை மாட்டினால்?

அன்று மாலை அவளிடம் சொன்னேன். படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டா உன் படிப்பு இன்னா ஆவும்?"

நான் வாளியிலிருந்த ஒரு துணியைப் பிழிந்து அவளிடம் நீட்டினேன்.

"மாட்டு. அந்தாளு ஹார்பரை வுட்டா வூடு, வூட்ட வுட்டா கோயிலு. அங்கெல்லாம் எங்க வரப்போறாரு?"

நாங்கள் இருவரும் என் அப்பாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து அப்பா எதற்கும் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. மகளின் படம் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டதும் பெட்டியிலிருந்த நல்ல வேட்டியை எடுத்து வெயிலில் போட்டார். நகரத்துக்குள் போய்வர அவருக்கு வழி தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பிய அந்தோணியை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நம்ம தேவகி வரைஞ்ச படம் வச்சிருக்காங்களாம். என்னைக் கொஞ்சம் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அதுக்கு இன்னா நைனா, வா போலாம். நம்மூட்டுப் பொண்ணு வரஞ்சத நானும் பாக்க வேணாவா?"

சுவருக்கு அப்பால் ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் பாக்கியம் ஈரத்தலையோடு வாசலுக்கு வந்து நின்றாள். "நானும் வரேன்" என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபமாலையை முந்தானைக்குள் வைத்து உருட்டிக்கொண்டே வந்தாள். "இன்னிக்கு நா செத்தேன்" என்று ஒருமுறை முணுமுணுத்தாள். எனக்கு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடி எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

மண்டபத்தில் என் படம் ஜன்னலுக்கு அருகே இருந்தது. அந்தோணி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன்முன் நின்றார். ரொம்ப நேரம் பார்த்தார். பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரும்மா இது? உங்க ஊரு பொம்பளயா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா ஒரு மாதிரியான குரலில், "டோ சேன்" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அகன்ற கன்னங்கள், பாதி மூடிய கண்கள், செரூட்டுச் சுருட்டு பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் கோணிய உதடு. ரங்கூனில் எங்கள் எதிர்வீட்டு அம்மா டோ சேன். நாங்கள் புறப்பட்ட அன்று தெருவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் வெளியே வந்து என் இரண்டு கன்னத்திலும் தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம்போல் அரைத்துப் பூசிவிட்டார். கப்பல் கரை சேரும்வரை நான் முகம் கழுவவில்லை. பாக்கியத்தின் நெற்றியையும் தாடையையும் அத்தனை வாரங்கள் அளந்தும், என் கை போய் நின்ற இடம் அந்தத் தெருதான். அப்பா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் தேசம் விட்டு வந்ததிலிருந்து அழுதது அன்றுதான்.

பாக்கியம் தப்பித்துவிட்டாள். பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவள் கண்ணைத் திறந்து படத்தைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

"இதுல நா எங்கமே கீறேன்?" என்று என்னைக் கேட்டாள்.

மண்டபத்தில் நாலு பேர் திரும்பினார்கள். அந்தோணி சிரித்தார். "நீ எதுக்குடி அதுல இருக்கணும்?"

"நாந்தான்யா குந்தினேன்! கழுத்து ஒடிய ஒடிய ஒரு மாசம் குந்திகினு இருந்தேன். ஒரு ஈ மூக்கு மேல வந்து குந்துச்சு, அதக் கூட நா ஓட்டல. கடேசில எவளோ ஒருத்தி மூஞ்சியப் போட்டு வச்சிகீது இந்தப் பொண்ணு!"

"போடி, டபாய்க்காத."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கிருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். தாடையைக் கொஞ்சம் உயர்த்தி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவ்வளவுதான். படத்தில் இருந்த அதே திருப்பம், தோளில் அதே சரிவு. அந்தோணி படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"அப்போ பங்களா?"

"பங்களாவும் இல்ல, கொயந்தயும் இல்ல."

அவர் வெளியே போய்விட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவோடு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு வாரம் பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான் கேட்டது. உப்பு கேட்டுக் குரல் வரவில்லை. வகுப்பு மேடையில் பாக்கியம் இல்லை. அந்த நாற்காலியில் ஒரு கிழவரை உட்கார வைத்திருந்தார்கள். என்னால் எதையும் வரைய முடியவில்லை. எனக்கு இடம் கொடுத்த ஒரு வீட்டைக் குலைத்துவிட்டேனோ என்று ஒரு பக்கம். அந்தப் பெண்ணை ஒரு மாதம் பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று இன்னொரு பக்கம். இங்கே வந்து இத்தனை காலமாக நான் யாரைத்தான் பார்த்திருக்கிறேன் என்று யோசித்தேன். குழாயடிப் பெண்கள், கோயில் மணி அடிக்கிறவர், பஸ் கண்டக்டர் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் ரங்கூன் முகம்தான் வந்தது.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வேலை முடிந்து வந்த அந்தோணி துறைமுகத் தூசி படிந்த சட்டையோடே எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா எழுந்துகொண்டார்.

"குந்து நைனா. தங்கச்சியாண்ட ஒரு விஷயம் கேக்கணும்." என் பக்கம் திரும்பினார். "அங்க அவள யாரும் தப்பா நடத்தலியே?"

"இல்லண்ணே. யாரும் கிட்டேகூடப் போக மாட்டாங்க. சத்தியமா."

"அதயேதான் அவளும் சொல்றா. கோயில்ல எவனாவது கேட்டா நா பேசிக்கிறேன். என்னாண்ட வந்து கேக்கட்டும்." தலையைச் சொறிந்தார். "ஆனா ஒண்ணு. இந்த வாட்டி ஒயுங்கா வரை. அவ மூக்கு அப்டியா கீது?"

சுவருக்கு அப்பாலிருந்து, "நல்லா கேளு!" என்று ஒரு குரல் வந்தது.

அதன்பிறகு பாக்கியத்தை எத்தனையோ முறை வரைந்துவிட்டேன். உதவித்தொகை தொடர்ந்தது, இது கல்லூரியில் என் கடைசி ஆண்டு. சில படங்களில் அவள் மூக்கு கிடைக்கிறது, சிலவற்றில் கண் கிடைக்கிறது. முழு பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை. அவள் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். கண்காட்சிப் படத்தை மட்டும் அவளும் அந்தோணியும் கண்ணாடி போடச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். மாதா படத்துக்குப் பக்கத்தில் அந்தோணி தன் கையால் ஆணி அடித்து மாட்டினார்.

போன மாதம் மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடியிலிருந்து அந்தோணியின் பெரியம்மா வந்திருந்தார். நானும் அங்கே இருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து, "யாரு இது?" என்று கேட்டார்.

"நம்ம சொந்தக்காரங்க பெரிம்மா. ரங்கூன்ல கீறாங்க" என்றார் அந்தோணி, கண்ணடித்துக்கொண்டே.

"பொய்யி. அது நானு" என்றாள் பாக்கியம் அடுப்படியிலிருந்து.

பெரியம்மா இருவரையும் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "ஏளா, நீதான வரைஞ்ச. நீ சொல்லு, இவ யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் படத்தைப் பார்த்தேன். டோ சேன் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தத் தோள் பாக்கியத்தின் தோள்தான், அதிலும் சந்தேகமில்லை. இத்தனை வருடம் இங்கே யாரிடமும் பேசாத மொழி என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"மதிபூ" என்றேன். பர்மிய மொழியில் அதற்குத் தெரியாது என்று பொருள்.

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "மதிப்பூவா? நல்ல பேரால்ல இருக்கு" என்று சொல்லி, தலையிலிருந்த மல்லிகையில் கொஞ்சம் கிள்ளி அந்தக் கண்ணாடிச் சட்டத்தின் மேல் வைத்தார். யாரும் அவரைத் திருத்தவில்லை. இப்போது எங்கள் தெருவில் எல்லோரும் படத்தில் இருப்பவளை அந்தப் பெயர் சொல்லித்தான் விசாரிக்கிறார்கள்.